பதினான்காம் எண்

அக்கா மேடையேறிப் பேசப் போகிறாள் என்று ஒரு வாரமாகத் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மேடை என்றால் பெரிய மேடையில்லை. கடைத்தெருவில் உள்ள ஒரு பாரில், மாதத்தில் ஒரு மாலை, விஞ்ஞானிகள் வந்து சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி பேசுவார்கள்; கையில் கோப்பையோடு உட்கார்ந்து கேட்கலாம். எட்டு மாடி அலுவலகம் ஒன்றின் வாசலில் காவலாளியாக இருக்கும் தம்பி, தன் மேற்பார்வையாளரையும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். “எங்க அக்கா சார்” என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று.

அவனுக்கு ஒரு குறை உண்டு. முகங்கள் மனசில் நிற்காது. பார்வையில் பழுதில்லை, கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் பார்த்து இன்னார் என்று சொல்லத்தான் மூளை மக்கர் பண்ணும். அலுவலகத்தில் இருநூறு பேரையும் நடையாலும் குரலாலும் செருப்பாலும் அடையாளம் வைத்துச் சமாளித்து வந்தான். வாசல் காக்கிறவனுக்கு ஆள் தெரியாது என்று கசிந்தால் பிழைப்பில் மண் விழும். அக்கா இந்தக் குறையைத்தான் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறாள். அவளுடைய ஆய்வில் அவன் பதினான்காம் எண். மூன்று வருஷமாக லீவு நாட்களையெல்லாம் அவளுடைய சோதனை அறையில் படங்களைப் பார்த்தே கழித்தான்.

பதிலுக்கு அவன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒருநாள் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு அம்மா வாசலுக்கு வந்தாள். புது உடுப்பு, புதுச் செருப்பு. பேசாமல் சிரித்துக்கொண்டே நின்றாள். யாரைப் பார்க்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்றான் அவன். அம்மா டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். டப்பாவைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் தன்னைத் தாய் என்று சொல்ல மகன் கூசிவிட்டான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவன் விளக்கிச் சொன்னதையெல்லாம் சாக்கு என்று தள்ளினாள். படித்தவள் நீ சொன்னால் அம்மா நம்புவாள் என்று அக்காவிடம் அழுதான். ஆய்வு முடிகிறவரை வீட்டாரிடம்கூட வாய் திறக்கக் கூடாது, அது விதி என்றாள் அக்கா. விதி என்றால் விதிதானே என்று பொறுத்துக்கொண்டான் அந்த அப்பாவி.

அன்றைக்கு அக்கா ஜோராகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் கூட்டம் சலசலத்தது. கவனம் கோப்பைகள் பக்கம் போயிற்று. உடனே அவள், “எங்க பதினாலாம் நம்பர் ஆளைப் பத்திச் சொல்றேன்” என்று எடுத்துவிட்டாள். வாசல் காவல் வேலை என்றாள். செருப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பார் என்றாள். பிறகு விறைத்து நின்று, தம்பியின் குரலிலேயே, பெற்ற தாயிடம் அட்டை கேட்பதை நடித்துக் காட்டினாள். பார் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. தன் செருப்புக் காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வேலை போனால் போகிறது என்று இருந்தது தம்பிக்கு. அம்மாவின் கண்ணீரை எடுத்து இவர்களுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டாளே என்றுதான் வயிறு எரிந்தது. இத்தனை நாள் தன்னை அவள் தம்பியாகப் பார்த்தாளா, எண்ணாகப் பார்த்தாளா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கேள்வி நேரம் வந்தது. தம்பி கையைத் தூக்கி மைக்கை வாங்கினான். மேடை விளக்கில் கண் கூசியதால் அக்காவுக்கு அவன் முகம் தெரியவில்லை; குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டாள்.

“அந்த அம்மாகிட்ட, உங்க பையன் சொல்றது நிஜம்தான்னு நீங்க சொன்னீங்களா?”

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. “இன்னும் இல்ல,” என்றாள். “ஆய்வு முடியல. வெளியில சொல்லக் கூடாது.”

தம்பி சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். நாற்பது முகங்கள் இருந்தன.

“இவங்கள்ல ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாதுக்கா,” என்றான். “இவங்களுக்கெல்லாம் சொல்லிட்டியே.”