கீறலின் ஆழம்

பல் டாக்டருக்குப் பிள்ளைகள் இரண்டு என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஒன்று வீட்டுக்குள் வளர்ந்தது, இன்னொன்று ஷெட்டில் நின்றது. ஷெட்டில் நின்றதற்குத்தான் செல்லம் அதிகம்.

அது கரும்பச்சை நிறத்தில் இரண்டே கதவு வைத்த பழைய கார். அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். மிச்சமிருக்கும் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருப்பது இது ஒன்றுதான் என்று டாக்டர் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். அது தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மழையில் வெளியே எடுக்க மாட்டார், வெயிலிலும் எடுக்க மாட்டார். பிறகு எப்போதுதான் எடுப்பீர்கள் என்று மனைவி கேட்டால், உனக்கு இதெல்லாம் புரியாது என்பார்.

போதாக்குறைக்கு ஆள் வைத்து அதன்மேல் ஒரு பிலிம் வேறு ஒட்டவைத்தார். கண்ணாடி மாதிரித் தெளிவான, கனமான பிலிம். கல் தெறித்தாலும் நகம் பட்டாலும் அடியை அது வாங்கிக்கொள்ளும், கீழே பெயின்ட் பத்திரமாக இருக்கும். ஒட்டி முடித்த அன்று மனைவியையும் மகளையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

"என்னப்பா, ஒண்ணுமே தெரியலையே?" என்றாள் மகள்.

"அதான் குட்டி இதோட விசேஷமே!"

இருவரும் சிரித்தார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்ததாகத் தாய்க்கு நினைவிருப்பது அதுதான் கடைசி.

அப்புறம் ஒரு மழை நாள். குட்டி தன் சைக்கிளை நனையாமல் ஷெட்டுக்குள் உருட்டி வந்தாள். கால் வழுக்கிச் சைக்கிள் சாய்ந்தது. பிரேக் பிடியின் முனை காரின் இடது கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர் மகளுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. அவள் முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் நேராகக் கதவின்முன் குனிந்து கோட்டில் நகத்தை வைத்தார்.

"நகம் உள்ள இறங்குது. பெயின்ட் வரைக்கும் போயிருக்கு."

"பிலிம் மேலதான்பா கீறியிருக்கும். அதுக்குத்தானே ஒட்டினீங்க? உரிச்சுப் பாருங்க."

"உரிச்சா நல்லா இருக்கிற பெயின்டும் சேர்ந்து வந்துடும். எனக்குச் சொல்லித் தர்றியா?"

பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவர் சொன்னார்: "இனிமே என் கண்ணு முன்னாடி நிக்காத." குட்டியும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் ரத்தம்தானே. மாற்றுத்துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். தாய் அப்போது சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அடுப்பில் பால் பொங்கியது. அதை அணைக்க உள்ளே ஓடினாள். மகள் பின்னால் ஓடவில்லை. மாலைக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

குட்டி வரவில்லை. வேறு ஊரில் ஒரு வேலை தேடிக்கொண்டாள், வாடகைக்கு ஒரு அறை எடுத்தாள். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். "மூத்த பிள்ளை எப்படிம்மா இருக்கு, சாப்பிடுதா, தூங்குதா?" என்று காரைப் பற்றிக் கிண்டலாக விசாரிப்பாள். பிறகு குரல் இறங்கிவிடும்.

"உரிச்சுப் பாத்தாரா?"

"இல்லடி."

"பாக்கட்டும். பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த வண்டியில வந்துடறேன்."

இதைத் தாய் டாக்டரிடம் சொல்லாமல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள், அவர் நல்ல மூடில் இருக்கும்போது சொன்னாள், அழுதும் சொன்னாள். எக்ஸ்ரே எடுக்காமல் ஒருவர் பல்லிலும் கை வைக்காத மனிதர், இந்த ஒன்றை மட்டும் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டார். அவரைச் சொல்லி என்ன, கதவின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து அவளே உரித்திருக்கலாம். ஷெட்டின் சாவி சமையலறை ஆணியில்தான் தொங்கியது. அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு போன் வந்தது. குட்டியோடு தங்கியிருந்த பெண் பேசினாள். வெறும் காய்ச்சல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நினைவில்லையாம். இவர்கள் அங்கே போனபோது கடைசியாக முகத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசவில்லை. டாக்டர் வழக்கம்போல் காரைத் துடைத்தார். இடது கதவை மட்டும் கடைசியாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார். வருடங்கள் போயின. பிலிம் பழுத்து மஞ்சளாகி, ஓரங்களில் சுருண்டது. அன்று அதை ஒட்டிய ஆளையே டாக்டர் வரவழைத்தார். பிலிம்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இனிமே தாமதிக்கக் கூடாது சார். விட்டா கோந்து பெயின்ட்ல ஊறிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது."

"அப்ப உரிச்சிடுங்க," என்றார் டாக்டர் உடனே.

வீட்டு வாசலில் நின்று தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் கெஞ்சியபோது உரிக்காதவர், காருக்கு ஆபத்து என்றதும் ஒரு நொடி யோசிக்கவில்லை. ஷெட்டுக்குப் போகவே கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் போய் நின்றாள்.

பிலிம்காரர் சூடான காற்றை ஊதும் கருவியால் பிலிமை இளக்கி, மெல்ல மெல்ல இழுத்தார். "பயப்படாதீங்க சார், உங்க பேஷன்ட்டுக்கு நீங்க பண்ற மாதிரிதான். வலிக்காம எடுத்துடறேன்," என்று சிரித்தார். யாரும் சிரிக்காததால் வேலையைப் பார்த்தார். முன்பக்கம் முடிந்தது, வலது கதவு முடிந்தது. பெயின்ட் கொஞ்சமும் பெயரவில்லை. இடது கதவுக்கு வந்தார்.

அப்போது அவள் மனதில் எழுந்த வேண்டுதலை அவளாலேயே நம்ப முடியவில்லை. ஆழமாக இருக்கட்டும். பெயின்டைத் தாண்டித் தகடுவரை போயிருக்கட்டும். கார் கெட்டுப்போயிருக்கட்டும், டாக்டர் சொன்னதே சரியாக இருந்துவிட்டுப் போகட்டும். அப்படியாவது குட்டி போனதற்கு ஒரு காரணம் மிஞ்சும். மகள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று பெற்றவளே சாமியைக் கும்பிட்டாள்.

பிலிம் கதவைவிட்டுப் பிரிந்து வந்தது. அடியில் மிச்சமிருந்த கோந்தைப் பிலிம்காரர் துணியால் துடைத்தார்.

"அடேங்கப்பா! நேத்துதான் கம்பெனியில இருந்து வந்த மாதிரி இருக்கு சார். ஒரு கோடு இல்ல."

டாக்டர் குனிந்தார். கோடு இருந்த இடத்தில் நகத்தை வைத்து இழுத்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. மறுபடியும் இழுத்தார்.

"அப்பாடா," என்றார். "ஒண்ணும் ஆகலை."

சொல்லிய பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். குனிந்தவர் நிமிரவில்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பிலிம்காரரைப் பார்த்தார்.

"இதைத் திரும்ப ஒட்ட முடியுமா?"

"கவலையே வேண்டாம் சார். இப்ப வர்ற புதுசு இன்னும் நல்லா..."

"புதுசு வேண்டாம். இதையே ஒட்டுங்க. இந்தக் கோட்டோட."

"உரிச்சது ஒட்டாது சார். குப்பைதான்."

டாக்டர் கேட்கவில்லை. தரையில் கிடந்த மஞ்சள் பிலிமை எடுத்துக் கதவின்மேல் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். கையை எடுத்ததும் அது சுருண்டு விழுந்தது. மறுபடி எடுத்து அழுத்தினார், மறுபடி விழுந்தது. தோள் குலுங்க அழுதுகொண்டே அழுத்தினார். பிலிம்காரர் ஒன்றும் விளங்காமல் தன் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

அவரைத் தூக்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் கையிலிருந்து நழுவிய பிலிமை எடுத்துப் பிரித்தாள். கோடு அதில்தான் இருந்தது, முழுதாக, பிலிமைத் துளைத்து அடிப்பக்கம் போகாமல்.

"உரிச்சுப் பாத்துட்டாருடி," என்றாள்.

"என்னம்மா சொன்னீங்க?" என்று பிலிம்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் பிலிமை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஷெட்டின் வாசலிலேயே உட்கார்ந்தாள்.