முதல் தரத்து நாய்

என்னிடம் பழைய சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. யாரோ எழுதிய தலையணை சைஸ் நாவலை முப்பத்திரண்டு பக்கத்துக்குள் அமுக்கியது. ஆட்டு மந்தை காக்கும் நாய், பனிப்புயலில் தொலைந்த ஆடுகளைத் தேடிப் போகிறது. இதெல்லாம் அட்டையைப் பார்த்துச் சொல்வது. உள்ளே நான் படித்ததில்லை.

சிரிக்காதீர்கள். எங்களைப் போல் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. செயலாளர் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, தரம் எழுதுவார். பிரித்துப் பார்த்தால் தரம் குறைந்துவிடும் என்பதால் பிரிக்காமலே எழுதுவார். என் நாய்க்கு முதல் தரம். ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் நடு மேஜை எனக்குத்தான். முத்திரை உடைந்தால் மேஜை போச்சு. வேறெங்கும் எனக்கு நடு இடம் கிடையாது; என் கல்யாணப் போட்டோவில்கூட ஓரத்தில்தான் நிற்கிறேன்.

இந்த நேரத்தில்தான் மாமனார் கண் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு கண்ணில் கட்டு; மற்றது எப்போதோ கைவிட்டது. என் சேகரிப்பை 'பழைய பேப்பர் கடை' என்பவர். மனைவி சும்மா இருக்காமல் நாய்ப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல, படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அதே புத்தகத்தைப் படித்தாராம், நாய் பனியில் விழுந்து கிடக்கும் பக்கம்வரை. அதற்குள் அவருடைய அப்பா பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, அந்த நாய் வீடு வந்து சேர்ந்துச்சா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாடிக்குப் போய், அதே புத்தகம் வைத்திருக்கும் சங்க நண்பர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் தன் பிரதியில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்த வரலாற்றைச் சொன்னார். இன்னொருவருடைய அட்டையில் வானம் பச்சையாம். நாய் என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செயலாளர் மட்டும் பதறினார்: "பிரிச்சிடாதீங்க சார்."

சாப்பிடும்போது மாமனார் மறுபடி கேட்டார், பாதிக் குரலில். அந்த மனிதர் என்னிடம் எதையும் இரண்டு தடவை கேட்டவர் இல்லை. மனசு கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து முத்திரையை வெட்டினேன்.

உரக்கப் படித்தேன். புயல், பள்ளம், விழுந்த நாய். மாமனார் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

நாய் இல்லை. எந்தக் காலத்துப் பிள்ளையோ நாயை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. மேய்ப்பர் ஓர் ஓட்டையைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்குகிறார். ஓட்டை வழியாக என் கட்டைவிரல் தெரிந்தது. முதல் தரம்.

"வந்துட்டான் மாமா."

"எப்படி இருக்கான்?"

"காதெல்லாம் பனி. ஒரு கால் லேசா நொண்டுது. வாலை ஆட்டுறான்."

மனைவி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாக்கைத் தொங்கப் போட்டிருக்குப்பா," என்றாள்.

"நினைச்சேன்," என்று மாமனார் படுத்துக்கொண்டார். கட்டின் ஓரம் ஈரமானது. கண் நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதையும் கெடுத்தாயிற்று. "கட்டு பிரிச்சதும் முதல்ல அந்தப் படத்தைக் காட்டுங்க மாப்பிள்ளை."

யாராவது வெறுங்கையால் புத்தகத்தைத் தொட்டாலே கத்துகிற நான், இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஓட்டைக்கு அளவாகக் காகிதத்தில் நாய் வரைந்துகொண்டிருக்கிறேன். ரப்பர் பாதி தேய்ந்துவிட்டது. மனைவி வந்து பார்த்தாள். ஆடு நன்றாக வந்திருக்கிறதாம்.