ஒற்றை இழைக் கார்டுகள்

கோமளவல்லி கெட்டிக்காரி. அதை அவளே நம்பிவிட்டதுதான் வினையாகப் போனது.

திருத்தணியில் மலையடிவாரத் தெரு ஒன்றில், தறிக்கார ராஜவேலுவுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது எழுபத்து மூன்றாம் வருஷம். பிறந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அங்கே வீட்டுக்கு வீடு தறி ஓடினாலும் அவளுடைய நைனா மட்டும் தறியை விற்றுவிட்டு பஸ் கண்டக்டர் ஆனவர். இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரே தவிர, மறந்தும் தறிப்பக்கம் விட்டதில்லை.

வாரம் ஒரு கார்டு தங்கை பத்மாவுக்குப் போகும். உறையில் போட்டு ஒட்டினால் புது மருமகள் எதையோ ஒளிக்கிறாள் என்று தெருவே பேசும். கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் எதிர்வீட்டுக்காரி வரை படிப்பார்கள். மாமியாரைப் பற்றி எழுத நிறைய இருந்தது, எழுத இடம்தான் இல்லை. அப்போதுதான் பள்ளிக்கூட நாளில் அக்காவும் தங்கையும் கட்டிவைத்திருந்த ரகசியக் கணக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு லுங்கி வேஷம் போட்டாள்.

பார்க்கிறவர்களுக்கு அது கட்டம் போட்ட லுங்கிக்கு எந்த நிறத்தில் எத்தனை இழை என்கிற குறிப்பு. உண்மையில் சிவப்பு என்றால் மெய்யெழுத்து, வெள்ளை என்றால் உயிரெழுத்து. சிவப்பு பத்து என்றால் பத்தாவது மெய்யான ம். அதோடு வெள்ளை இரண்டு சேர்ந்தால் மா. வெறும் சிவப்பு வந்தால் புள்ளி வைத்த எழுத்து, வெறும் வெள்ளை வந்தால் உயிர். அரிச்சுவடி தெரிந்த பத்மா விரல்விட்டு எண்ணியே படித்துவிடுவாள். யாராவது கேட்டால், ஊரில் நைனாவுக்குப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் டிசைன் கேட்டார் என்று பதில் தயார்.

கார்டைத் தபால் பெட்டியில் போடுகிற வேலை மாமியார் கன்னியம்மாளுடையது. நூல் வாங்கப் போகிற வழியில்தான் பெட்டி. தனக்கு வருகிற கடிதத்தையே அவள் மருமகளிடம் நீட்டி, "கண்ணு தெரியலம்மா, நீயே படி" என்பாள். ஆகவே யாரைத் திட்டி எழுதினாளோ அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிற குஷியும் கோமளாவுக்கு இருந்தது. அந்தக் குஷிக்குப் பிறகு அவள் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

மாமியார் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள் என்று ஒரு வாரம் எழுதினாள். அடுத்த வாரமே உப்பு குறைந்தது. நான் சமைத்த பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்க்கிறாள் என்று எழுதினாள். அதுவும் நின்றது. மலைமேல் இருக்கிற முருகன் தன் பக்கம் என்று நினைத்து, கிருத்திகைக்குப் படியேறிப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தாள் அந்தக் கெட்டிக்காரி.

கார்த்திகை பிறந்ததும் கன்னியம்மாளுக்கு இருமல் பிடித்தது. இருப்பது ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் தடுப்பு. நாலு நாள் தூக்கம் கெட்ட எரிச்சலில் கோமளா எழுதினாள்: "கிழவி இருமியே என்னைக் கொல்கிறாள். இருமல் ஓயுமா, இவள் ஓய்வாளா தெரியவில்லை."

இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இருந்த தறிக்கூடத்துக்குப் போய்விட்டாள். உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். பனி கொட்டுகிற மாதத்தில் புழுக்கமா என்று கேட்கக்கூட கோமளாவுக்குத் தோன்றவில்லை. நிம்மதியாகத் தூங்கினாள்.

டிசம்பர் முப்பத்தொன்று படித் திருவிழாவுக்குப் பத்மா வந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு கார்டை எடுத்து நீட்டி, இது என்ன எழுதியிருக்கிறாய், ஒரு எழுத்தும் பிடிபடவில்லை என்றாள்.

கோமளா அதை எழுதவில்லை. எண்கள் கோணல்மாணலாக இருந்தன. சிவப்பு பதினாறு, வெள்ளை நாலு, சிவப்பு முப்பத்தாறு. மெய்யெழுத்தே பதினெட்டுதானே, முப்பத்தாறு எங்கிருந்து வந்தது? அப்புறம்தான் கவனித்தாள், எல்லாமே இரட்டைப்படை எண்கள். பாதியாக்கிப் பார்த்தாள். எட்டு, இரண்டு, பதினெட்டு. நான்.

மீதியையும் அப்படியே பாதியாக்கிப் படித்தாள். "நான் தறிக்கூடத்தில் படுக்கிறேன். உன் அக்கா இனி தூங்குவாள்."

உப்பு ஏன் குறைந்தது, பாத்திரத்தை ஏன் திறக்கவில்லை, பாய் ஏன் வெளியே போனது, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஓய்வாளா என்று எழுதியதையும் படித்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டிருக்கிறாள். கோமளாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பத்மாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் தறிக்கூடத்துக்கு ஓடினாள்.

கன்னியம்மாள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மருமகள் கையில் கார்டைப் பார்த்ததும் ராட்டையை நிறுத்தினாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் கோமளாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தறி அச்சுல ஒரு பல்லுக்கு ரெண்டு இழையாக் கோக்கறோம். ஒன்னு, மூணுன்னு ஒத்தை இழையில எங்கம்மா பட்டை வரும்? சேப்புக்குப் பக்கத்துலயே மறுபடியும் சேப்புனு எந்தத் தறிக்காரன் எழுதுவான்? அப்பறம் பாத்தேன், சேப்பு பதினெட்டத் தாண்டல, வெள்ள பன்னெண்டத் தாண்டல. நானும் மூணாங் கிளாஸ் வரிக்கும் போனவதான்."

கன்னியம்மாள் ராட்டையை மறுபடியும் சுற்றத் தொடங்கினாள்.

"இனிமே ரெட்டிச்சு எழுது. இந்தத் தெருவுல எல்லாரும் தறிக்காரங்க. வேற யாராச்சும் பாத்தா உன்னத்தான் தப்பா பேசுவாங்க."

திட்டியவளுக்குத் திட்டை ஒளிக்கச் சொல்லித்தருகிறாள். கோமளா குனிந்து பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்து படுங்கள் அத்தை என்று எப்படியோ சொல்லிவிட்டாள்.

"இருமல் ஓஞ்சதும் வரேன்" என்றாள் கன்னியம்மாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பாயை வாங்கிப் பழைய இடத்திலேயே விரித்தாள்.

அன்று மத்தியானம் கோமளா ஒரு கார்டு எடுத்து, சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், வெறும் தமிழில் எழுதினாள். பத்மா சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே பத்மாவுக்கு. தபால்காரர் படிக்கட்டும், தெரு படிக்கட்டும், அதற்குத்தானே கார்டு என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியில் போடச் சொல்லி, தறிக்கூடத்தில் இருந்த மாமியாரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

கன்னியம்மாள் வாங்கவில்லை. கார்டைத் தூரத்தில் வைத்தே ஒரு பார்வை பார்த்தாள்.

"கண்ணு தெரியலம்மா. நீயே படி."

தறியை நிறுத்திவிட்டு ராஜவேலு திரும்பிப் பார்த்தான். வாசற்படியில் பத்மா வந்து நின்றாள். கோமளா கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் அத்தையைப் பத்தி நான் எழுதனது எல்லாம்" என்று முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.