அடியில் போட்ட கருமண்

பேரிக்கன்று வைப்பதில் அருளப்பனை மிஞ்ச கொடைக்கானலில் ஆள் கிடையாது. அது மட்டும் பொய்யில்லை. மிஷன் தோட்டத்தில் முப்பது வருசம் வேலை பார்த்தவர். மூன்றடிக் குழி வெட்டுவார். மேலாகக் கிடந்த கருமண்ணில் எருவைக் கலந்து அடியில் போடுவார், அடியிலிருந்து வந்த செம்மண்ணை மேலே தள்ளி மூடுவார். "வேருக்குச் சோறு கீழதான்யா இருக்கணும்" என்பார். அந்த ஒரு வித்தை கைவந்ததும் உலகமே கைக்குள் வந்துவிட்ட மாதிரி மனுசனுக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்புதான் கடைசியில் தங்கச்சி குடியைக் கெடுத்தது.

தங்கச்சி புஷ்பமேரிக்குப் போளூரில் புருசன் விட்டுப்போனது ஒன்றேகால் ஏக்கர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைந்த பூமி. எழுபத்தாறில் பாக்சைட் கல் வெட்டும் கம்பெனிக்காரர்கள் வந்து ஆறு வருசக் குத்தகைக்குக் கேட்டார்கள். மேலே இருக்கிற கருமண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வைப்பது, கல்லை எடுத்து முடித்ததும் குழியை மூடி நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது என்று பேச்சு. சரியென்று கொடுத்துவிட்டு, அவள் கொடைக்கானலில் ஒரு ஓட்டலுக்கு விரிப்புத் துவைக்கப் போனாள். ஆறு வருசச் சலவைச் சோடாவில் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்துப்போனது.

ஊருக்கு வரும்போதெல்லாம் குழிப்பக்கம் திரும்பவே மாட்டாள். ஓரத்துக் கருமண் குவியலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அது கெடக்குல்லண்ணே, அது போதும் எனக்கு. வெரசா வந்து பூண்டு போட்டுக்கிருவேன்."

எண்பத்திரண்டு மாசியில் குழியை மூட புல்டோசர் வந்தது. ஓட்டலில் அவளுக்கு லீவு கொடுக்கவில்லை. "நீ நின்னு பாத்துக்கண்ணே" என்று சொல்லியனுப்பினாள். அருளப்பன் வெள்ளனே போய் நின்றார். டிரைவர் செல்லப்பாண்டி, உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், முதலில் கல்லுங்கப்பியுமாகக் கிடந்த கழிவை உள்ளே தள்ளப் போனான்.

"ஏலே, நிறுத்து! கருமண்ண முதல்ல எறக்கு. அதுக்கு மேல கல்லப் போடு."

"பெரியவரே, கருமண்ணக் கடைசியாத்தான் போடணும்னு ஓவர்சியர் சொல்லியிருக்காருங்க."

"உங்க ஓவர்சியர் எத்தன மரம் வச்சிருக்காரு? நான் வச்சது இன்னைக்கும் காய்க்குது, போய்ப் பாரு. மேல போட்டா மொத மழைக்கே அடிச்சிட்டுப் போயிரும்ல."

ஓவர்சியர் ஜீப்பில் வந்தார். சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஆளா இவர்? கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். நிலத்துக்காரர் சொன்னபடியே மூடியது என்று அதில் எழுதியிருந்தது. தங்கச்சிக்காக அருளப்பன் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் குவியல் மொத்தமும் அடியில் போய்விட்டது. ஒரு மாசத்தில் அதன்மேல் பன்னிரண்டு அடிக்குக் கல் நிரம்பி, தரை மட்டமாகக் கிடந்தது. பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார், பாவி மனுசன்!

சீசன் முடிந்ததும் புஷ்பமேரி வேலையை விட்டுவிட்டு வந்தாள். மேலே செம்மண்ணும் கப்பியுமாக இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "கீழ எல்லாம் இருக்கு தாயி, நீ போடு" என்றார் அண்ணன். போட்டாள். பூண்டு ஒரு விரல் உயரம் வந்தது. விதைப்பல்லில் இருந்த சத்து அவ்வளவுதான். ஆடிக்குள் நுனி மஞ்சளாகி, பாத்தி பாத்தியாகப் படுத்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் நகத்தளவுகூட இறங்கவில்லை. முழ ஆழம் கிளறியும் அண்ணன் சொன்ன கருமண்ணைக் காணோம்.

"கருமண்ண வித்துத் தின்னுப்புட்டானுக கம்பெனிக்காரனுக!"

ஊரே கொதித்தது. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினார்கள். அவள் அதை அண்ணனிடம் கொண்டுவந்தாள்.

"நீதான நின்னு பாத்த. சாட்சி போடுண்ணே."

அருளப்பன் பேனாவை வாங்கவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால்தான் என்ன என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தார். ஆனால் அந்த வெடித்த கையைப் பார்த்துக்கொண்டு போட முடியவில்லை.

"மண்ண யாரும் திருடல தாயி. பன்னெண்டு அடிக்குக் கீழ கெடக்கு. நாந்தான் போடச் சொன்னேன். வேருக்கு ஆகுமேன்னு..."

அவள் பேனாவை மூடினாள்.

"நான் என்ன மரம் வைக்கவா கேட்டேன்? பூண்டுக்கு வேரு ஒரு சாண் போகுமாண்ணே?"

"நான் தோண்டித் தாரேன். கொஞ்சங் கொஞ்சமா..."

"அறுபத்தி மூணு வயசுல கல்லத் தோண்டப் போறியாக்கும்."

மனுவை நாலாக மடித்து முந்தியில் முடிந்தாள். போகத் திரும்பியவள் நின்று கேட்டாள்: "சரி, பேரியே வைப்போம். வேரு அந்த மண்ணுக்குப் போய்ச் சேர எத்தன வருசமாகும்?"

மரத்தைப் பற்றி யார் கேட்டாலும் அருளப்பன் பொய் சொன்னதில்லை.

"இந்தக் கல்லுலயா? சேராது தாயி."

மறுநாள் முதல் பஸ்ஸில் புஷ்பமேரி கொடைக்கானல் போனாள், ஓட்டலில் பழைய வேலை இருக்கிறதா என்று கேட்க.