மலர்க்கொடி வீடு நகர்ந்த விதம்

மலர்க்கொடியின் வீடு நகரத் தொடங்கியது ஐப்பசியில், வெங்காய நடவு முடிந்த வாரம். முதல் நாள் ஒரு விரற்கடை. அரியலூர்ச் சாலையில் இருக்கும் வெள்ளூர்க்காட்டில் அதை முதலில் கண்டவள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆடு நுழைய முடியாத சந்து ஒன்று இருந்தது. சில நாளில் அதற்குள் அவளுடைய ஆடு நின்று தழை தின்றுகொண்டிருந்தது.

காலனியிலிருந்து வந்து ஊர்த்தெருவில் மனை வாங்கிக் கட்டிய முதல் வீடு அது, தெருவின் கடைசி வீடு. புருஷன் வீரமணி சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். மலர்க்கொடி தையல் மெஷின் வைத்திருக்கிறாள். யாரும் தகராறு செய்யவில்லை. காலம் மாறிவிட்டது என்று சொன்னார்கள், அடிக்கடி சொன்னார்கள்.

வீட்டில் விரிசல் விழவில்லை. அடுப்பில் பால் தளும்பாமல், கொல்லை முருங்கையையும் கூட்டிக்கொண்டு, வெட்டிக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியைப் பார்த்து அது வழுக்கிக்கொண்டு போயிற்று. சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து, மனை இருந்த இடத்திலேயே இருக்கிறது, வீடுதான் இல்லை என்றார். லைன்மேன் ராஜவேல் மாதாமாதம் வந்து கம்பியை நீட்டிக் கொடுத்தார். இந்தப் பக்கமெல்லாம் ஆதியில் கடல், கிணறு வெட்டினால் சிப்பி கல்லாக வருகிறது, ஆகவே வீடு மிதக்கிறது என்று ஒரு வாத்தியார் விளக்கினார். மிதப்பதைக் கட்டிப்போடலாமே என்று வடம் வாங்கி வேப்பமரத்தில் கட்டினார்கள். மறுநாள் வேப்பமரமும் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. அவிழ்த்துவிட்டார்கள்.

"நான் ஏத்துற சிமெண்டுதாங்க போட்டேன்," என்றான் வீரமணி. "ஊருக்கெல்லாம் புடிக்குது, எனக்கு மட்டும் புடிக்க மாட்டேங்குது."

தெரு இரக்கமுள்ள தெரு. நல்ல நாளுக்கெல்லாம் கொழுக்கட்டையும் புளிச்சோறும் அங்கே போயின. வீடு நகர்ந்த விதம் இதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் பண்டம் வந்தால் அதை வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது. ஒரு பிடி கீரை, ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரை, ஏதாவது போட்டுத் தர வேண்டும். பாத்திரத்தைத் திரும்ப வாங்கியவள் அதைத் தின்ன வேண்டும். இப்படிப் போவதும் வருவதுமாகப் பாத்திரம் இரண்டு வீட்டையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. தெருவில் எந்த வீடும் நிற்பது அந்தத் தையலில்தான், அஸ்திவாரத்தில் இல்லை. மலர்க்கொடியிடம் மட்டும் எல்லோரும் வாய் நிறைய, "பாத்திரத்த நீயே வச்சுக்க புள்ள" என்றார்கள். பொன்னுத்தாயும் அப்படித்தான் தன் தூக்குவாளியை விட்டுவிட்டு வந்தாள். ஒவ்வொரு பாத்திரம் உள்ளே போனபோதும், கரையிலிருந்து படகை உந்துவதுபோல, வீடு ஒரு விரற்கடை தள்ளிப்போயிற்று.

தெருவுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. பொன்னுத்தாய்க்கு முதல் வருஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாளியைத் திருப்பி வாங்கக் கை நீளவில்லை.

மூன்றாம் வருஷம் வைகாசியில் சமையலறை குழி விளிம்பைத் தாண்டியது. வீரமணி லோடு ஏற்றிப் போயிருந்தான். தெருவே திரண்டு நின்று, வெளியே வந்துவிடு என்று கத்தியது.

"வந்து எங்க போறது? திரும்பக் காலனிக்கா?" என்று உள்ளிருந்து கேட்டாள் மலர்க்கொடி. தையல் மெஷின் நிற்கவில்லை.

பொன்னுத்தாய் முதன்முதலாக அந்த வாசற்படியைத் தாண்டினாள். உள்ளே சுவர் நெடுகத் தெருவின் பாத்திரங்கள், துலக்கிக் கவிழ்த்தபடி.

"என் தூக்குவாளி எங்கடி?"

"இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கா?"

"வெறுமனே தராத. போட்டுக் குடு."

"ரசஞ்சோறுதான் இருக்கு." மலர்க்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெருவுல உங்கள என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்ல?"

"பேசாம போடுடி. வூடு ஓடுது."

வாசற்படியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அவள் தின்றாள். பாதிச் சோற்றில் வீடு நின்றது. திரும்பி வரவில்லை. சமையலறை இன்றும் குழிக்கு மேல்தான் தொங்குகிறது. மலர்க்கொடி அங்கேதான் சமைக்கிறாள். ஒருத்தி தின்றால் வீடு நிற்கும், அவ்வளவுதான். வரவழைக்க ஒரு தெரு தின்ன வேண்டும். தெரு கலைந்து போய்விட்டது. அன்றிலிருந்து தூக்குவாளி தினமும் போய்வருகிறது. பொன்னுத்தாய் காய்ச்சலில் படுத்த நாளில் வீடு ஒரு விரற்கடை வழுக்கியது.

அவளிடமும் யாரும் சண்டை பிடிக்கவில்லை. தைப்பொங்கலுக்கு, பொன்னுத்தாய்க்கு மறுபக்கத்து வீட்டு அம்பிகா ஐஸ்கிரீம் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள்.

"டப்பாவ நீங்களே வச்சுக்கங்க பெரியம்மா," என்றாள், வாய் நிறைய.

மாசியில் பொன்னுத்தாயின் ஆடு அம்பிகா வீட்டுப் பக்கத்துச் சந்தில் நின்று தழை தின்றது. பொன்னுத்தாய் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் நடந்தாள். நடக்க வேண்டிய தூரம் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்த வாரம் வந்த ராஜவேல் பொன்னுத்தாய் வீட்டுக் கம்பியை அவிழ்த்தார். இந்த முறை கம்பியை வேண்டுமளவுக்குத் தொய்வாக விட்டுக் கட்டிவிட்டுப் போனார்.