காருக்குக் கீழே காய்ந்த மணல்

திங்கட்கிழமை காலை கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டும்போது சூடு காட்டும் முள் மறுபடியும் சிவப்பில் போய் நின்றது. காரை ஓரங்கட்டி, பொனட்டைத் திறந்துவிட்டு, இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டு அரைமணித்தியாலம் நின்றேன். அந்த நேரத்தில் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை என்ன பாடு படுத்தினார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். எஞ்சின் ஆறியபின் பார்த்தால், முதல் நாள் றேடியேற்றரில் நிரப்பிய பச்சைக் கூலன்ட் பாதிக்கு மேல் காணோம்.

வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"நான் அப்பவே சொன்னன்," என்றார் என் அண்ணன் றினாஸ் காக்கா. "பொம்புளயள் ஓட்டினா இப்பிடித்தான். ஹெட் கேஸ்கட் போயிட்டு. காருக்குக் கீழ ஒரு சொட்டு ஈரமிரிக்கா? இல்ல. அப்ப எஞ்சின்தான் உள்ளுக்குக் குடிக்குது. இனி இது தேறாது."

காக்கா நெல் வியாபாரி. எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருகினால் சத்தம் வரும் என்பதுதான். ஆனால் வாயைத் திறந்தால் பேராசிரியர் தோற்றுப்போவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, காரை வாங்க சம்மாந்துறையிலிருந்து ஒருவரைக் கூட்டி வருவதாகச் சொன்னார். கார் வாப்பாவுடையது. அவர் மௌத்தானபின் உம்மாவின் பெயரில் இருக்கிறது. உம்மா என்னைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார். "அவள் ஓட்டித்தான் பழுதாகுதெண்டா வித்துப்போடு," என்றுவிட்டார்.

என் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போகும். இது காக்காவுக்கும் தெரியும்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கல்முனையில் மெக்கானிக் றொமால்ட் பாஸின் கராஜுக்குப் போனேன். அவர் பேசுவதற்குக் காசு கேட்பவர் மாதிரி இருப்பார். எண்ணெய் மூடியைக் கழற்றிப் பார்த்தார். சைலன்சருக்குப் பின்னால் குந்தியிருந்து புகையைப் பார்த்தார். றேடியேற்றர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தார். பம்பிலிருந்த முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"ஹெட் கேஸ்கட் ஒண்டும் போகல்ல டீச்சர். எண்ணெயில தண்ணி கலக்கல்ல, வெள்ளைப் புகையும் இல்ல. ஆனா காத்து நிக்கல்ல, எங்கயோ ஒழுகுது. உள்ளுக்குப் போகாட்டி வெளியதான் போகணும். காலையில கீழ ஈரம் காணல்லயா?"

"இல்ல பாஸ். நாங்க நல்லாப் பார்த்த. மணல் காஞ்சி கிடக்கு."

அவர் காதைச் சொறிந்தார். "மணல் குடிச்சிரும். ஒரு பெரிய அட்டையை விரிச்சி, அதுக்கு மேல காரை நிப்பாட்டுங்க. எந்தப் பக்கம் சொட்டுதெண்டு தெரிஞ்சாத்தான் நான் கழட்டலாம். இல்லாட்டிச் சும்மா எல்லாத்தையும் பிரிக்கணும்."

பின்னேரமே அட்டையை விரித்து நிறுத்தினேன். வியாழன் காலை ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால் அட்டையே இல்லை. மணல் பரவி, ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகளோடு பளிச்சென்று கிடந்தது.

"உம்மா! இஞ்ச கிடந்த அட்டை எங்க?"

"அதா? றுஸ்தாட பூன அதிலயும் மூத்திரம் பேஞ்சிட்டுப் போயிரிக்கி," என்றார் உம்மா குசினிக்குள்ளிருந்து. றுஸ்தா பக்கத்து வீட்டுக்காரி. "வேலிக்கு அங்கால எறிஞ்சிட்டன். ஒவ்வொரு நாளும் எனக்கு இதுதான் வேல. சுபஹு தொழுதிட்டு வந்தா அதே இடத்தில ஈரம். நஜீஸை மிதிச்சிட்டு அந்த அசுத்தக் காலோட உள்ளுக்கு வந்தா எப்பிடித் தொழுற? சிரட்டையால வாரிக் கொட்டிட்டு வேற மண் போட்டு விடுறன்."

"எவ்வளவு நாளா உம்மா?"

"ரெண்டு மாசமிரிக்கும். றுஸ்தாக்கிட்டயும் கதைச்சிட்டன். அவள் இப்ப என்னோட கதைக்கிறதும் இல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. வேலிக்கு அப்பால் கிடந்த அட்டையை எடுத்து வந்தேன். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை. தொட்டால் பிசுபிசுத்தது.

"பூன பச்சையா பேயுமா உம்மா?"

"விடியச் சாமத்தில எனக்கு நிறம் தெரியுமா புள்ள?" என்று சீறினார். பிறகு அட்டையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "யா அல்லாஹ்," என்றார் மெதுவாக.

பள்ளிக்கூடம் விட்டதும் கராஜுக்குக் கொண்டுபோன அட்டையைப் பார்த்து றொமால்ட் முதல் தடவையாகச் சிரித்தார். கறை இருந்த பக்கத்தில் மூடியைக் கழற்றி, தண்ணீர் பம்பைக் காட்டினார். அதன் சீல் தேய்ந்து, கீழே பச்சையாக வழிந்து காய்ந்திருந்தது.

"ஆர் ஓட்டினாலும் ஒரு நாளைக்கு இது தேயும் டீச்சர்," என்றார்.

அன்றைக்கே புதுப் பம்ப் போட்டுத் தந்தார். அவர் சொன்னதை உம்மாவிடம் ஒரு சொல் மாறாமல் சொன்னேன். வெள்ளி விடியற்காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன், அக்கரைப்பற்று வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். முள் பாதியைத் தாண்டவேயில்லை.

ஜும்ஆ முடிந்து காக்கா சம்மாந்துறைக்காரரோடு வந்தார். நான் பம்ப் மாற்றிய கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். காக்கா தலையாட்டினார்.

"அப்ப நல்லதுதானே. பழுதில்லாத காரெண்டா விலையும் கூட."

நாலு நாளாக நான் காரின் பழுதைத் தேடி அலைந்திருக்கிறேன். காக்காவுக்கு அது வெறும் சாக்கு. நான் ஓட்டுவதுதான் அவருக்குப் பழுது. இதை எந்த பாஸால் திருத்த முடியும்? கண் நிறைந்துவிட்டது. வாங்க வந்த மனிசன் முன்னால் அழுதுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காக்கா விற்பனைப் பத்திரத்தை உம்மாவிடம் நீட்டினார். உம்மா கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் ஒப்பம் வைக்க மாட்டன் மகன்."

"ஏன் உம்மா? நீங்கதானே ஓமெண்ட?"

"அவள் ஓட்டித்தான் பழுதெண்டு நீ சொன்னாய். நம்பித்தான் ஓமெண்டன். வாப்பா இரிக்கக்குள்ள நீ இதே காரை மூணு தரம் மதில்ல கொண்டுபோய் இடிச்சாய் றினாஸ். வாப்பா மூணு தரமும் மதிலத்தான் கட்டினார். காரை விக்கச் சொல்லி ஆரும் வரல்ல."

சம்மாந்துறைக்காரர்தான் முதலில் சிரித்தார்.