மூன்று கோடி ஆண்டுப் பிழை

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மூன்றாம் எண் துளைக்கிணற்றில் 1,840 மீட்டர் ஆழத்துப் பாறைக்கு வயது ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல் என்று ஆய்வகம் அறிக்கை கொடுத்தது. எண்ணெய் இருக்கக்கூடிய அடுக்கைத் துளை தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள். பத்தாம் தேதி எந்திரத்தை நிறுத்தினார்கள். மே மாதம் வேறொரு ஆய்வகம் அதே பாறையைப் பார்த்துவிட்டு, மூன்றரைக் கோடிதான் என்றது.

அறிக்கையில் இருந்த கையெழுத்து, நுண்ணோக்கி பார்க்கும் பாசி மேடத்துடையது. அவள் பார்த்ததில் தவறில்லை. கண்ணாடித் தகட்டில் கிடந்தவை ஒரு கடல்பாசியின் சுண்ணாம்புத் தட்டுகள். ஊசிமுனையில் நூறு உட்காரும். அந்த இனம் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோனது. இளைய பாறைக்குள் அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. மேலாளர் அதிகம் யோசிக்கவில்லை. பாறையைப் பொடித்துத் தகட்டில் தடவிக் கொடுப்பவள் கழுவலக்கா. பழைய மாதிரியின் தூசு ஒட்டியிருக்கும், சரியாகக் கழுவியிருக்க மாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். தடவுகிற குச்சியைக்கூட நாலு தடவை கழுவுவதால்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. அவளுடைய ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிப்பது மேலாளர் கையில்.

வெள்ளிக்கிழமை மதியம் கழுவலக்கா பாசி மேடத்துக்கு எதிரில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, நான்தான் சரியா கழுவலையோ?”

“நீங்களாவது, கழுவாம விடுறதாவது. விட்டா மைக்ராஸ்கோப்பையே குழாயடியில வெச்சுத் தேய்ப்பீங்க.”

அக்கா சிரிக்கவில்லை. “அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். ஒரு தடவை விட்டிருப்பேனோ என்னவோ. திரும்பத் திரும்ப யோசிச்சா, விட்ட மாதிரியேதான் இருக்கு.”

பாசி மேடம் எழுந்து அலமாரிக்குப் போனாள். அன்று பாறை மாதிரியை வைத்த கறுப்புத் தட்டைத் தேடி எடுத்தாள். ஓரத்தில் அவளுடைய கையெழுத்தில், வெள்ளையாக, 1,840. ஈரத்தில் பேனா மை நிற்பதில்லை என்று, மகளின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸால் மார்ச்சிலிருந்து அவள்தான் எழுதிவந்தாள். எழுதிய கையோடு பாறைத் துண்டைப் பொறுக்கி அக்காவிடம் கொடுப்பாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு சாக்பீஸைச் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தகட்டில் தடவி, ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் வைத்தாள். நடுவில் கறுப்புக் கீற்றோடு வட்ட வட்டமாக மின்னின, அதே தட்டுகள். கடலடியில் அந்தப் பாசிகள் செத்துக் குவிந்த பாறையை அரைத்துச் செய்த சாக்பீஸ் அது. கல்லூரி முதல் வருஷப் பாடம். பதினாறு வருஷமாக இந்தத் தட்டுகளைப் பார்த்துத்தான் சோறு தின்கிறாள்.

சனிக்கிழமை காலை மேலாளரிடம் தகட்டை நீட்டினாள். சாக்பீஸ் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“சாக்பீஸுன்னு எழுதினா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்மா. மார்ச்லேர்ந்து போன அத்தனை அறிக்கையையும் திரும்பக் கேப்பாங்க. நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்.” இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “அந்தம்மா நேத்து சாயங்காலமே, தப்பு தன்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“அது உண்மையில்ல சார்.”

“அவங்களுக்குத் தெரியாதே.”

குண்டுகுண்டான எழுத்து. ‘காய்ச்சல்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மறுபடியும் எழுதியிருந்தாள். பாசி மேடம் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை கழுவலக்காவின் மேசையில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பாசி மேடத்திடம் விட்டார்கள்.